சுமையும் சுவரும்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

முன்னுரை

நாம் அமர்ந்திருக்கும் அறையின் சுவர்களைச் சற்று ஏறெடுத்துப் பாருங்கள். குழல்விளக்கு, சுவர் மின்விசிறி, ஒலிபெருக்கி, தொலைக்காட்சித் திரை, கண்காணிப்புக் கேமரா, இணையத்தைக் கொண்டுவரும் வை-ஃபை பெட்டி என எத்தனை பொருள்கள் நம் தலைக்கு மேலே இருக்கின்றன! இவற்றை வாங்கும்போது விலை கேட்கிறோம்; நிறம் பார்க்கிறோம்; எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று விசாரிக்கிறோம். ஆனால் இவற்றைச் சுவரோடு பிடித்து நிறுத்தும் சிறிய இரும்புத் துண்டைப் பற்றி மட்டும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. சிதம்பரத்தில் தேரோட்டம் கண்டவர்களுக்கு அச்சாணியின் அருமை தெரியும். தேருக்கு அச்சாணி எப்படியோ, சுவரில் தொங்கும் கருவிகளுக்குத் தாங்கி அப்படி. அந்தத் தாங்கியைப் பொருத்துவதும் கழற்றுவதும் எப்படி என்பதையும், நம் கடலோர மாவட்டத்தில் அதை ஏன் கருத்துடன் செய்யவேண்டும் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

தாங்கி என்பது யாது?

கடையில் பிராக்கெட் என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான் தாங்கி. அதன் ஒரு பக்கம் சுவரைப் பற்றுகிறது. மறுபக்கம் கருவியைப் பற்றுகிறது. 'எல்' எழுத்தைப் போல் வளைந்தது எளிய வகை. திரைகளின் பின்புறம் வரும் தட்டையான தகடு மற்றொரு வகை. அதன் துளைகளுக்கு உலகெங்கும் ஒரே அளவு உண்டு. நான்கு துளைகளும் 75 மி.மீ. அல்லது 100 மி.மீ. சதுரமாக அமைந்திருப்பதைச் சிறிய திரைகளில் காணலாம்.

இணையக் கருவிகளை அடுக்கும் இரும்புப் பெட்டிக்கும் இத்தகைய பொது அளவு இருக்கிறது. அதனுள் வரும் கருவியின் முகப்பு அகலம் 19 அங்குலம், அதாவது 482.6 மி.மீ. உயரத்தை 'யூ' என்னும் அலகால் அளக்கிறார்கள். ஒரு யூ என்பது 44.45 மி.மீ. ஆகவே 6 யூ பெட்டி என்றால் கருவிகள் அமரும் இடத்தின் உயரம் 266.7 மி.மீ. அளவு பொதுவாக இருப்பதால் ஒரு கம்பெனியின் கருவியைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் மற்றொரு கம்பெனியின் கருவியைப் பொருத்த முடிகிறது. கழற்றுவதற்கும் சேர்த்தே தாங்கி செய்யப்படுகிறது என்பதை இங்கேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

ஒரு சிறு கணக்கு

பத்தாம் வகுப்பு அறிவியலில் விசையின் திருப்புத்திறன் என்று ஒன்று படிக்கிறோம். விசையை, சுழல்புள்ளியிலிருந்து அது செயல்படும் தூரத்தால் பெருக்கினால் கிடைப்பது திருப்புத்திறன். தேர்வுக்குப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். ஆனால் சுவரில் தொங்கும் ஒவ்வொரு பெட்டியும் இரவும் பகலும் இந்தக் கணக்கைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

10 கிலோ நிறையுள்ள ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் எடை ஏறத்தாழ 100 நியூட்டன். அதன் ஈர்ப்பு மையம் சுவரிலிருந்து 20 செ.மீ. முன்னே இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்போது திருப்புத்திறன் 100 × 0.20 = 20 நியூட்டன் மீட்டர். பெட்டி முன்னே கவிழப் பார்க்கிறது. தாங்கியின் கீழ்விளிம்பு சுவரை அழுத்துகிறது, அதுவே சுழல்புள்ளி. மேல் திருகாணியோ சுவரிலிருந்து வெளியே இழுக்கப்படுகிறது.

கீழ்விளிம்புக்கும் மேல் திருகாணிக்கும் இடையே 20 செ.மீ. இருந்தால், திருகாணியை இழுக்கும் விசை 20 ÷ 0.20 = 100 நியூட்டன். அந்த இடைவெளி 10 செ.மீ. ஆனால் 200 நியூட்டன். 5 செ.மீ. மட்டுமே இருந்தால் 400 நியூட்டன்! பெட்டி என்னவோ 10 கிலோதான். ஆனால் திருகாணியை 40 கிலோ மூட்டை கட்டி இழுப்பதுபோல் ஆகிவிடுகிறது.

இதனால் நாம் அறிவது இரண்டு. கனமான பொருளுக்கு உயரமான தாங்கி வேண்டும். பொருள் சுவரை எவ்வளவு ஒட்டி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. திரையை முன்னே இழுத்துத் திருப்பும் கைகள் உள்ள தாங்கி பார்வைக்கு அழகுதான். ஆனால் கையை 20 செ.மீ. தூரத்திலிருந்து 40 செ.மீ. தூரத்துக்கு இழுக்கும்போது திருகாணியின் பாரமும் இரு மடங்காகிறது என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

சுவரை அறிதல்

பாறைமேல் கட்டிய வீட்டையும் மணல்மேல் கட்டிய வீட்டையும் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை மத்தேயு நற்செய்தியின் 7-ஆம் அதிகாரத்தில் படித்திருக்கிறோம். தாங்கிக்கும் அதே பாடம் பொருந்தும். திருகாணி எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், அது நிற்கும் இடம் உறுதியாக இல்லாவிட்டால் பயனில்லை.

சுவரின் மேலே நாம் காண்பது வெறும் பூச்சு. உட்சுவரில் அது பெரும்பாலும் 12 மி.மீ. கனம் இருக்கும். 25 மி.மீ. நீளத் திருகாணியை முடுக்கினால் பாதி பூச்சிலேயே நின்றுவிடும். செங்கல்லுக்குள் போவது 13 மி.மீ. மட்டுமே. பூச்சு சுமை தாங்காது. எனவே பூச்சின் கனத்தையும் சேர்த்துக் கணக்கிட்டே திருகாணியின் நீளத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

கான்கிரீட் தூணும் உத்தரமும் மிக உறுதியானவை. நன்கு சுட்ட செங்கல்லும் நல்லதே. ஆனால் இரு செங்கற்கள் சேரும் சந்தில் துளை விழுந்தால் பிடிப்புக் குறையும். ஹாலோ பிளாக் கல்லின் நடுவே வெற்றிடம் இருப்பதால், சாதாரண பிளக் உள்ளே பற்றாமல் சுழலும். சுண்ணாம்புக் காரையால் கட்டிய பழைய சுவர்கள் தனிக் கவனம் வேண்டுபவை. அவற்றில் இடித்து இடித்துத் துளைக்கும் டிரில்லிங் மெஷினை வைத்தால் காரை உதிர்ந்து, விரல் அளவுத் துளை கைப்பிடி அளவுப் பள்ளமாகிவிடும். அத்தகைய சுவரில் இடிக்கும் விசையை நிறுத்திவிட்டு, மெதுவாகச் சுழற்றியே துளையிடவேண்டும். கனமான பெட்டி என்றால் முதலில் ஓர் அகன்ற பலகையைப் பல இடங்களில் பொருத்தி, அதன்மேல் தாங்கியை வைத்தால் சுமை பரவும். அதுவும் நம்பிக்கை தராவிட்டால், தரையில் நிற்கும் இரும்பு ஸ்டாண்டே சிறந்தது.

கருங்கல் சிற்பங்களைப் பற்றியும் ஒரு சொல். சிதம்பரம் நடராசர் ஆலயக் கோபுரங்களில் நாட்டியத்தின் 108 கரணங்களும் கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன. இத்தகைய பழங்கட்டடம் எந்தச் சமயத்தாருடையதாக இருந்தாலும், ஒரு விளக்குக்காகவோ கேமராவுக்காகவோ அதன் கல்லில் துளையிட்டால் அந்தத் துளை என்றென்றும் அப்படியே இருக்கும். சுவர்ப் பூச்சை மறுபடியும் பூசலாம். செதுக்கிய கல்லை மறுபடியும் வளர்க்க முடியாது. இத்தகைய இடங்களில் துளையே இல்லாமல், தூணைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் பட்டைத் தாங்கியே தக்கது. கல்லுக்கும் இரும்புக்கும் நடுவே ரப்பர் வைத்தால் கல்லில் கீறலும் விழாது, துருக்கறையும் படியாது. தெருவிலுள்ள சிமெண்ட் மின்கம்பங்களைப் பாருங்கள். கம்பிகளைத் தாங்கும் 'வி' வடிவ இரும்பைக் கம்பத்தோடு சேர்த்து ஒரு பட்டை பின்புறமாக வளைத்து இறுக்கியிருக்கும். கழற்றினால் கம்பத்தில் வடு இராது.

ராவல் பிளக் பிறந்த கதை

பழைய கட்டடத்தைக் கெடுக்காமல் கருவியைப் பொருத்துவது எப்படி என்ற இந்தக் கவலைதான் நாம் இன்று பயன்படுத்தும் பிளக்கையே உலகுக்குத் தந்தது. அதற்கு முன்னெல்லாம் சுவரைப் பெரிதாகக் கொத்தி, மரக்கட்டை ஒன்றைச் செருகி, சுற்றிலும் பூசி, அந்தக் கட்டையில் திருகாணியை முடுக்குவார்கள். 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டன் மாநகரிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் மின்சாதனங்களைப் பொருத்தும் பணி ஜான் ஜோசப் ராவ்லிங்ஸ் என்பவருக்கு வந்தது. சுவர்களுக்குச் சேதம் கூடாது. வேலை கண்ணுக்கு உறுத்தவும் கூடாது. அவர் சணல் நாரைப் பசையிட்டு இறுக்கிச் சிறு குழலாகச் செய்தார். சிறிய துளையிட்டு அதைச் செருகித் திருகாணியை முடுக்கியபோது, நார் விரிந்து சுவரை இறுகப் பற்றிக்கொண்டது. அவர் பெயரால்தான் அது ராவல் பிளக் ஆயிற்று.

பின்னர் 1958-இல் ஜெர்மனி நாட்டு ஆர்தர் ஃபிஷர் நைலானால் ஆன பிளக்கை உருவாக்கினார். நைலான் ஈரத்தில் மக்காது. அதன் பக்கங்களிலுள்ள பற்கள், திருகாணி உள்ளே செல்லச் செல்ல விரிந்து சுவரைப் பற்றும். கடைகளில் இன்று டப்பா டப்பாவாகக் கிடைப்பவை இந்த வழியில் வந்தவையே. தன் வேலைக்காகப் பிறர் சுவரைக் கெடுக்கக் கூடாது என்று ஒருவர் எண்ணியதன் பயனை உலகமே அனுபவிக்கிறது!

பொருத்தும் முறை

மின்இணைப்பைத் தொடும் வேலையை உரிமம் பெற்ற வயர்மேன்தான் செய்யவேண்டும். நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். அது உயிரைப் பறிக்க வல்லது. ஆயினும் வேலை எந்த ஒழுங்கில் நடக்கவேண்டும் என்பதை அறிந்திருந்தால், அருகில் நின்று சரிபார்க்க நம்மாலும் முடியும்.

முதலாவது, இடத்தைத் தேர்ந்தெடுத்தல். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் பூச்சுக்குள் வயர் ஓடும். அந்தக் கோட்டில் துளையிடலாகாது. தண்ணீர்க் குழாய் செல்லும் சுவரையும் தவிர்க்கவேண்டும். கருவி சூடாகும் என்பதால் சுற்றிலும் காற்றோட்டம் வேண்டும்.

இரண்டாவது, மெயின் சுவிட்சை நிறுத்துதல். நிறுத்திய பின்னும் மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்து உறுதி செய்யவேண்டும். வேறொருவர் தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிடாதபடி அங்கே ஓர் ஆள் நிற்பதோ, எழுதி மாட்டுவதோ அவசியம். டிரில்லிங் மெஷினுக்கு வேண்டிய மின்சாரத்தை, சோதித்துப் பார்த்த வேறொரு இணைப்பிலிருந்து எடுக்கவேண்டும்.

மூன்றாவது, அளந்து குறித்தல். தாங்கியைச் சுவரில் வைத்து, ரசமட்டத்தால் மட்டம் பார்த்து, துளை வரும் இடங்களைப் பென்சிலால் குறிக்கவேண்டும். ரசமட்டம் இல்லாவிட்டால் தூக்குக்குண்டு போதும்.

நான்காவது, துளையிடுதல். 8 மி.மீ. பிளக்குக்கு 8 மி.மீ. பிட் போடவேண்டும். துளை பிளக்கின் நீளத்தைவிடச் சற்று ஆழமாக இருக்கலாம். பிட்டின்மேல் ஒரு காகித நாடாவை ஒட்டி ஆழத்தை அடையாளம் செய்துகொள்வது எளிய வழி. துளையிலுள்ள தூசியை முழுவதும் வெளியேற்றவேண்டும். தூசியோடு செருகிய பிளக் வழுக்கும். கண்ணுக்குக் கண்ணாடி அணிவதை மறக்கலாகாது.

ஐந்தாவது, முடுக்குதல். எல்லாத் திருகாணிகளையும் முக்கால் பங்கு முடுக்கி, மட்டத்தை மறுபடி பார்த்து, பிறகே இறுக்கவேண்டும். தாங்கியைக் கையால் நன்றாக இழுத்துப் பார்த்து, அசைவில்லை என்று கண்டபின், இருவர் சேர்ந்து கருவியை ஏற்றவேண்டும். இரும்புப் பெட்டியானால் எர்த் வயரை இணைத்த பிறகே மின்சாரம் தரவேண்டும்.

துளை பெரிதாகிவிட்டால் தீக்குச்சியையோ ஈர்க்குச்சியையோ செருகி முடுக்கும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. நாட்காட்டி மாட்டும் ஆணிக்கு அது சரி. தலைக்கு மேலே நிற்கும் கருவிக்கு அது ஆபத்து. அத்துளையை அடைத்துவிட்டு, சற்றுத் தள்ளிப் புதிய துளை இடுவதே முறை.

கடற்காற்றும் துருவும்

கடலூரில் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்குப் போய் வந்தால் உதட்டில் உப்புக் கரிக்கிறது. அந்த உப்புத்தான் இரும்பின் பகைவன். உப்பு, ஈரத்தை ஈர்த்து இரும்பின்மேல் நிறுத்துகிறது. அந்த ஈரத்தில் துரு விரைந்து வளர்கிறது. துரு, தான் பிறந்த இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் சுவருக்குள் துருவேறிய போல்ட் பருத்து, சுற்றியுள்ள பூச்சையும் கான்கிரீட்டையும் விரிசல் விடச் செய்கிறது. வெளியே வண்ணம் பளபளவென்று இருக்க, உள்ளே போல்ட் நூல்போல் மெலிந்திருக்கும்.

எனவே கடலோரத்தில் வெளிச்சுவருக்குச் சாதாரண இரும்புத் தாங்கி ஆகாது. துத்தநாகக் குழம்பில் தோய்த்து நாகமுலாம் பூசிய தாங்கியோ, துருப்பிடிக்காத எஃகோ வேண்டும். துருப்பிடிக்காத எஃகிலும் 304, 316 என்று வகைகள் உண்டு. 316-இல் மாலிப்டினம் என்னும் உலோகம் கலந்திருப்பதால் உப்பை அதிகம் தாங்கும். தாங்கி ஓர் உலோகமும் போல்ட் வேறோர் உலோகமுமாக இருந்தால், உப்பு ஈரத்தில் அவை ஒரு மின்கலம்போல் செயல்படும். அலுமினியத் தாங்கியில் எஃகு போல்ட்டை நேரே முடுக்கினால் அலுமினியம் அரிக்கப்படும். நடுவே ஒரு நைலான் வாஷர் வைத்தால் இதைத் தடுக்கலாம். ஓரிரு ரூபாய் வாஷர் ஒரு கருவியைக் காக்கிறது!

தானே புயல் சொன்ன பாடம்

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை இருந்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் வீழ்ந்தன. எத்தனையோ ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. 2018 நவம்பர் 16-இல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமுற்றன. நம் கரையில் புயல் மறுபடியும் வரும் என்று எண்ணியே எதையும் பொருத்தவேண்டும்.

காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. வேகத்தை நொடிக்கு மீட்டரில் எடுத்து, இருமடியாக்கி, 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கான அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். மாடியில் 60 செ.மீ. விட்டமுள்ள டிஷ் ஆன்டெனா ஒன்று இருக்கிறது. அதன் பரப்பு ஏறத்தாழ 0.28 சதுர மீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகக் காற்றில் அதன்மேல் விழும் விசை ஏறத்தாழ 20 நியூட்டன், அதாவது 2 கிலோ எடை. 140 கிலோமீட்டர் வேகக் காற்றிலோ அது 250 நியூட்டனைத் தாண்டுகிறது. ஒரு 25 கிலோ அரிசி மூட்டையின் எடை! வேகம் மூன்றரை மடங்குதான் உயர்ந்தது. விசையோ 12 மடங்கு உயர்ந்துவிட்டது. அந்த விசையும் ஒரே சீராக நில்லாமல் உலுக்கி உலுக்கி இழுப்பதால் நட்டுகள் தளர்கின்றன. பிடிவிட்டுப் பறக்கும் தகடு எவர் தலையில் விழும் என்று யார் சொல்லமுடியும்?

ஆகவே மாடியில் நிற்கும் கருவிகளைப் பொறுத்தமட்டில், உறுதியாகப் பொருத்துவது பாதி அறிவு. வேண்டும்போது விரைவாகக் கழற்றும்படி பொருத்துவது மீதி அறிவு. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்ற செய்தி வந்ததும், காற்று தொடங்குமுன்பே பகல் வெளிச்சத்தில் கழற்றிக் கீழே வைத்துவிடவேண்டும். காற்று தொடங்கிய பிறகு மாடிக்குப் போகவே கூடாது. ஒரு கருவியை மீண்டும் வாங்கலாம். உயிரை வாங்க முடியாது.

கழற்றும் முறை

பொருத்தும்போது உள்ள கவனம் கழற்றும்போது பலருக்கு இருப்பதில்லை. இங்கும் ஓர் ஒழுங்கு உண்டு. மின்சாரத்தை நிறுத்திச் சோதித்த பிறகு, எந்த வயர் எங்கே இருந்தது என்று சிறு சீட்டு எழுதிக் கட்டவேண்டும். முதலில் கருவியை இறக்கவேண்டும். பிறகே தாங்கியைத் தொடவேண்டும். கருவியோடு சேர்த்துத் தாங்கியைத் தளர்த்துவது பெருந்தவறு. தாங்கியிலும் கீழ்த் திருகாணிகளை முதலிலும் மேல் திருகாணிகளைக் கடைசியிலும் எடுத்தால், அது திடீரென்று கவிழாது. ஏணியை மற்றொருவர் பிடித்திருக்கவேண்டும்.

துருவேறிய நட்டைப் பலங்கொண்டு திருகினால் தலை தேயும், அல்லது போல்ட் முறியும். துரு இளக்கும் எண்ணெயை விட்டுச் சிறிது நேரம் பொறுத்துத் திருகினால் வந்துவிடும். பிளக்கை எடுக்கவேண்டுமானால் சுவரைக் கொத்தவேண்டியதில்லை. திருகாணியைப் பாதி முடுக்கி, குறடால் பிடித்து நேராக இழுத்தால் பிளக்கும் கூடவே வரும். கழற்றிய திருகாணிகளை ஓர் உறையிலிட்டுத் தாங்கியிலேயே கட்டிவைக்கவேண்டும். இனி வேண்டாத துளையைச் சிமெண்டாலோ பட்டியாலோ அடைத்துவிட்டால் ஈரமும் பூச்சியும் புகாது.

இரும்புக் குழாயில் நிற்கும் ஆன்டெனாவை நிமிர்த்தும்போதும் சாய்க்கும்போதும், அருகில் மின்கம்பி செல்கிறதா என்று முதலில் அண்ணாந்து பார்க்கவேண்டும். குழாய் சாய்ந்தால் கம்பியை எட்டும் தூரம் என்றால் அந்த வேலையில் இறங்கவே கூடாது, மின்வாரியத்தாரிடம் சொல்லவேண்டும்.

முடிவுரை

தோழியரே, உளியும் ஸ்பேனரும் ஆண்களுக்கே உரியவை என்று ஒதுங்கியிருந்த காலம் போய்விட்டது. வீட்டில் வேலை நடக்கும்போது நாமும் ஐந்து கேள்விகள் கேட்கலாம். இந்தச் சுவர் எதனால் ஆனது? இந்தத் தாங்கி இத்தனை கிலோவைத் தாங்குமா? இது துருப்பிடிக்காததா? எர்த் கொடுத்தாயிற்றா? நாளைக்கு இதை எளிதாகக் கழற்ற முடியுமா? ஐந்துக்கும் விடை கிடைத்தால், அதன் கீழே அச்சமின்றி அமர்ந்து படிக்கலாம். இல்லையென்றால், விடை கிடைக்கும்வரை அதன் கீழே தொட்டிலையோ, பாட்டியின் கட்டிலையோ, தம்பி தங்கையரின் படிப்பு மேசையையோ போடவேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.

தாங்குபவர்கள் எங்கும் கண்ணுக்குத் தெரியாமலே இருக்கிறார்கள். அவர்களை நினைத்துப் பார்ப்பது நன்றியுணர்வு. அவர்கள் உறுதியாக இருக்கிறார்களா என்று கவனிப்பது நம் கடமை.